பேப்பரா, போஸ்டரா, பட்டறையா? ஆங்கில ஆசிரியர் கருத்தரங்குக்கு எதைக் கொண்டுபோவது

போன வாரம் இரவு ஒன்பது மணி இருக்கும். பக்கத்து ஒன்றியத்தில் ஆங்கிலம் எடுக்கும் இளம் ஆசிரியை ஒருவர் அழைத்தார். "அக்கா, கருத்தரங்குக்கு அப்ஸ்ட்ராக்ட் (பேசப்போவதன் சுருக்கம்) அனுப்பலாம்னு ஃபார்மைத் திறந்தேன். எந்த வகைன்னு கேக்குது. பேப்பர், போஸ்டர், ஒர்க்‌ஷாப்னு மூணு கட்டம். எங்க ஸ்கூல்ல முன்னாடி போனவங்க எல்லாம் பேப்பர்தான் போட்டாங்களாம். நானும் அதையே போட்டுடட்டுமா?"

"அவசரப்படாதே" என்றேன். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அந்த மூன்று கட்டங்களில் எதில் டிக் அடிப்பது என்பதை நம்மில் பெரும்பாலோர் யோசித்து முடிவு செய்வதில்லை. முன்னால் போனவர் செய்ததைச் செய்கிறோம். ஒரே வகுப்பறை அனுபவத்தை நான் வெவ்வேறு வருடங்களில் பேப்பராகவும் போஸ்டராகவும் பட்டறையாகவும் கொண்டுபோயிருக்கிறேன். பொருள் ஒன்றே என்பதால், வடிவம் மாறும்போது என்ன மாறுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால், ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலில் பொடி எழுத்தில் தமிழ் இருக்கும். 'ஒன்ஸ் அப்பான் எ டைம் தேர் வாஸ் எ கிங்கு' என்று வரி முழுக்க. வீட்டில் அக்கா எழுதிக் கொடுத்தது, டியூஷனில் எழுதியது, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதியது. ஆசிரியர்கள் பலருக்கு இது பிடிக்காது. நானும் பல வருடம் ரப்பர் கொடுத்து அழிக்கச் சொன்னவள். ஒரு வருடம் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து புத்தகங்களைத் திரும்ப வாங்கி அடுக்கும்போது, அழிக்கச் சொல்வதை விட்டுவிட்டு உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன்.

பன்றிக்கும் 'பிக்கு', பெரியது என்பதற்கும் 'பிக்கு'. மின்விசிறி 'பேன்', வாணலியும் 'பேன்'. பள்ளிக்கூடம் 'இஸ்கூல்'. புத்தகம் 'புக்கு'. கண்டபடி எழுதியது போலத் தெரியும். ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் பிள்ளை கடைசியில் ஓர் உகரம் சேர்க்கிறது. சொல்லின் முதலில் மெய் தனியாக நிற்காது. அதனால் முன்னால் ஓர் இகரம் வருகிறது. தொல்காப்பியம் மொழிமரபில் சொன்ன விதியை ஏழாம் வகுப்புப் பையன் பென்சிலால் கடைப்பிடிக்கிறான். பன்றியும் பெரியதும் ஒன்றாவதற்குக் காரணம் அவன் காது இல்லை, நம் எழுத்து. தொண்டை அதிரும் ஒலிக்கும் அதிராத ஒலிக்கும் நம்மிடம் ஒரே பகரம்தானே இருக்கிறது?

அதற்குப் பிறகு அழிக்கச் சொல்வதை நிறுத்தினேன். தொண்டையில் விரல் வைத்துப் பார், அதிர்ந்தால் அந்தப் பகரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடு போடு என்றேன். அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. காலாண்டுத் தேர்வுக்குள் பலரும் கோடு போட்டார்கள். அரையாண்டு வரும்போது சிலருக்குக் கோடும் தேவைப்படவில்லை, மேலே தமிழும் தேவைப்படவில்லை. இதை மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்தது.

பேப்பர்

முதல் முறை எல்லோரையும் போல பேப்பர்தான். ஒரு கல்லூரியில் நடந்த கருத்தரங்கு. அழைப்பில் ஒருவருக்கு 20 நிமிடம் என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் ஒரே அறையில் காலை அமர்வுக்குப் பதினான்கு பேர். தொடக்க விழா நீண்டு, பொன்னாடை எல்லாம் முடிந்து அமர்வு ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டு. தலைமை வகித்தவர் "ஆளுக்கு ஏழு நிமிடம்" என்றார். என் கையில் பன்னிரண்டு பக்கம். முன்னுரையையும் முந்தைய ஆய்வுகளையும் படித்து முடிக்கும்போது மணி அடித்துவிட்டார்கள். பிள்ளைகளின் புத்தகப் பக்கங்களைப் படம் எடுத்துப் பவர்பாயிண்டில் வைத்திருந்தேன். அவை எல்லாம் கடைசி ஸ்லைடுகளில் இருந்தன. யாரும் பார்க்கவில்லை.

கேள்வி ஒன்றே ஒன்று வந்தது: "உங்கள் கோட்பாட்டுச் சட்டகம் என்ன?" எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். ஒரு மொழியைக் கற்கும்போது இன்னொரு மொழியைத் துணைக்கு வைத்துக்கொள்வதற்கு டிரான்ஸ்லாங்குவேஜிங் என்று பெயர் இருக்கிறது. வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் வெல்ஷும் ஆங்கிலமும் கலந்து கற்பிப்பதைப் பற்றி 1994-ல் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் எழுதியபோது பிறந்த வெல்ஷ் சொல்லின் ஆங்கில வடிவம் அது. அந்தக் கேள்வி அன்றைக்கு வலித்தது. இன்றைக்கு நினைத்தால், பேப்பர் வடிவம் எனக்குச் செய்த ஒரே நன்மை அதுதான். நான் செய்ததை வேறு ஊரில் வேறு யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும்படி தள்ளியது.

பள்ளி ஆசிரியர்கள் ஏன் பேப்பரைத் தேர்ந்தெடுக்கிறோம்? அந்தப் பழக்கம் கல்லூரியில் இருந்து வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2010-ல் கொண்டுவந்த ஏபிஐ மதிப்பெண் முறையில், கருத்தரங்கில் பேப்பர் வாசித்தால் பதவி உயர்வுக்குப் புள்ளி இருந்தது. கல்லூரி ஆசிரியருக்கு அது பிழைப்பு. அவரைக் குறை சொல்ல முடியாது. கருத்தரங்கு நடத்தும் கல்லூரிகளும் அவர்களை மனதில் வைத்துத்தான் அமர்வுகளை அமைக்கின்றன. நமக்கு அந்தப் புள்ளி கிடையாது. அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நாம் போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

ஆனால் பேப்பரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்களிடம் ஒரு வாதம் இருந்தால், அதாவது 'இதனால் இது நடக்கிறது, அதற்கு இவை சான்று' என்று சொல்ல முடிந்தால், அதற்குப் பேப்பர்தான் சரியான இடம். இரண்டு பிரிவுகளில் வேறுவேறு விதமாக நடத்திப் பார்த்து, முன்னும் பின்னும் தேர்வு வைத்து, விடைத்தாள்களை வைத்திருக்கிறீர்கள் என்றால் தயங்காமல் பேப்பர் போடுங்கள். பின்னால் இதழில் வெளியிடும் எண்ணம் இருந்தாலும் அப்படியே. இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கமான எல்டாய் நடத்தும் இதழ் போன்றவற்றுக்கு அனுப்ப, எழுதிய கட்டுரை கையில் இருக்க வேண்டும். வகுப்பறையில் இருந்து வந்த வேலை உலக அளவில் பேசப்படுவதற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1979 முதல் 1984 வரை கல்வியாளர் என்.எஸ். பிரபு பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தை, பணி வழிக் கற்பித்தல் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். ரயில் கால அட்டவணையைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லி, அதன் வழியாக ஆங்கிலம் கற்பித்தார்கள். ஆனால் அதற்குப் பின்னால் ஐந்து வருட வகுப்பும் பதிவும் இருந்தன. என்னிடம் இருந்தது ஒரு வருடத்துப் பென்சில் எழுத்து.

போஸ்டர்

இரண்டாம் முறை போஸ்டர். சொல்லும்போதே சிலர் முகம் சுளித்தார்கள். "போஸ்டர்தானா? பேப்பர் கிடைக்கலையா?" என்றார் ஒரு சக ஆசிரியர். நம் ஊரில் போஸ்டர் என்றால் பேப்பருக்குத் தேறாதவர்களுக்குக் கொடுப்பது என்ற எண்ணம் இருக்கிறது. அறிவியல் துறைகளில் போஸ்டர் சாதாரண நடைமுறை. நம் துறையிலும், அமெரிக்காவில் ஆங்கில ஆசிரியர் சங்கமான டீசால் நடத்தும் மாநாட்டில் போஸ்டருக்கென்று தனி அமர்வே உண்டு. ஒரு பலகை கொடுப்பார்கள். பக்கத்தில் நின்று வருகிறவர்களிடம் பேச வேண்டும்.

நான் செய்தது இதுதான். பெரிய சார்ட் அளவில் ஒரே ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி ஒட்டினேன். பாட வரி கீழே, பென்சில் தமிழ் மேலே. இரண்டு சொற்களைச் சிவப்பில் வட்டமிட்டு, "இரண்டும் ஒன்றா?" என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. அவ்வளவுதான். கீழே மேசையில் உண்மையான பாடப் புத்தகங்கள் எட்டு. அட்டையில் பிள்ளைகளின் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருந்தேன். பெற்றோரிடமும் தலைமை ஆசிரியரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். இதை யாரும் விட்டுவிடக் கூடாது.

வந்தவர்கள் சார்ட்டைப் பார்த்ததைவிடப் புத்தகத்தைப் புரட்டியதுதான் அதிகம். புரட்டும்போதே "எங்க பசங்களும் இப்படித்தான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கப்புறம் நான் விளக்கவே வேண்டியதில்லை, கேட்டால் போதும். இலங்கையில் இருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை நீண்ட நேரம் நின்றார். தேநீருக்கான ஆங்கிலச் சொல்லை எங்கள் பிள்ளை 'டீ' என்று எழுதியிருந்த இடத்தில் விரல் வைத்து, "எங்கட பிள்ளையள் இதை ரீ எண்டெல்லோ எழுதுவினம்" என்றார். அங்கே அந்த ஆங்கில ஒலிக்கு ரகரத்தையும் றகரத்தையும் போடுவது வழக்கம். கனடாவின் டொராண்டோ நகரத்தை 'ரொறன்ரோ' என்று எழுதுவார்களே, அப்படி. ஆக, ஒரே தமிழ் எழுத்துமுறை, ஒரே ஆங்கில ஒலி. ஆனால் இரண்டு ஊர்ப் பிள்ளைகள் இரண்டு விதமாகப் பிடித்துவைக்கிறார்கள். பன்னிரண்டு பக்கப் பேப்பரில் எனக்குத் தோன்றாத விஷயம் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கிற நம்மில் பலருக்கு மேடையில் ஆங்கிலம் பேசப் பயம் இருக்கிறது. வகுப்பில் வாரம் முப்பது பாடவேளை எடுப்பவரும், எதிரில் பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தால் தாளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்துவிடுகிறார். நம் படிப்பும் நாம் வளர்ந்த இடமும் அப்படி; இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. போஸ்டரில் ஒரு நேரத்தில் இரண்டு பேர், மூன்று பேர். ஒரே விஷயத்தை இருபது முறை சொல்வோம். முதல் முறை தடுமாறிய வாக்கியம் ஐந்தாம் முறை சீராகிறது, பத்தாம் முறை நம்முடையதாகிவிடுகிறது. மாலையில் நான் பேசிய ஆங்கிலம் எனக்கே புதிதாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. பலகையை எங்கே வைக்கிறார்கள் என்பதுதான் எல்லாம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் வைத்தால் கூட்டம் நின்று பார்க்கும். மூன்றாம் மாடி நடையில் வைத்தால் நீங்களும் பலகையும்தான். முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்: எந்த இடம், எத்தனை மணி நேரம், பக்கத்தில் மேசை உண்டா. அடுத்து, பேப்பரை முழுசாக ஃப்ளெக்ஸில் அச்சடித்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் நின்று அதைப் படிப்பதில்லை. நான்கைந்து அடி தள்ளி நிற்பவருக்கு எழுத்து தெரிய வேண்டும். படித்து முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. மீதி எல்லாம் உங்கள் வாயில் இருந்து வரட்டும்.

பட்டறை

மூன்றாவது பட்டறை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், மிகவும் பயமுறுத்தியதும் இதுதான்.

பட்டறை என்றால் அரைமணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் "நீங்களும் செய்து பாருங்கள்" என்பது இல்லை. வந்தவர்கள் முதல் ஐந்து நிமிடத்துக்குள் கையில் பென்சில் எடுத்திருக்க வேண்டும். நம் பிள்ளை அனுபவிப்பதை ஆசிரியர் அனுபவிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஆசிரியருக்குத் தெரியாத எழுத்து வேண்டும். முதலில் தெலுங்கு வைத்து பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் எங்கள் குறுவள மையக் கூட்டத்தில் ஒத்திகை பார்த்தேன். வந்திருந்தவர்களில் மூன்று பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், கடகடவென்று வாசித்துவிட்டார்கள். அப்புறம் ஒடியாவுக்கு மாறினேன். எங்கள் பள்ளியில் செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று படித்தது. அதன் அம்மா எனக்குப் பத்துச் சொற்களை எழுதிக் கொடுத்து, வாயால் சொல்லியும் காட்டினார்.

அந்தத் தாளை நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். நான் ஒவ்வொரு சொல்லாக இரண்டு முறை வாசித்தேன். "ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அறையில் சத்தமே இல்லை. நான் நடந்துபோய்ப் பார்க்கிறேன், அநேகமாக எல்லோருமே ஒடியா எழுத்துக்கு மேலே பொடியாகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முப்பது வருடம் பணிமுடித்த மூத்த ஆசிரியர் ஒருவர் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார், வகுப்பில் பிள்ளை மறைப்பது போலவே.

ஒடியாவில் காதுக்கும் பாட்டுக்கும் உள்ள சொற்கள் முதல் எழுத்தில் மட்டும் வேறுபடும். ஒன்று அதிராத ககரம், மற்றது அதிரும் ககரம். தமிழில் எழுதினால் இரண்டும் 'கானொ' ஆகிவிடும். திரும்ப வாசிக்கும் முறை வந்தபோது எல்லோரும் அந்த இடத்தில் நின்றார்கள். எது காது, எது பாட்டு? தாளில் ஒன்று போலவே இருக்கிறதே! அந்த நிமிடத்தில் பன்றிச் சொல்லையும் பெரியது என்ற சொல்லையும் திரையில் போட்டேன். விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஓர் ஆசிரியை மெதுவாக, "நேத்துகூட ஒருத்தனை இதுக்காகத் திட்டினேன்" என்றார். அதற்கப்புறம் தொண்டையில் விரல் வைப்பதையும் கோடு போடுவதையும் அவர்களே குழுவாகச் செய்து பார்த்தார்கள்.

கேட்டவர்கள் மறுநாள் தங்கள் வகுப்பில் செய்யக்கூடியதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், பட்டறைக்கு ஈடு எதுவும் இல்லை. பேப்பரைக் கேட்டவர் யாரும் பின்னால் என்னைத் தொடர்புகொண்டதில்லை. பட்டறைக்கு வந்தவர்கள் இன்றும் வாட்ஸ்அப்பில் தங்கள் பிள்ளைகளின் புத்தகப் பக்கத்தை அனுப்புகிறார்கள்.

ஆனால் இதற்கு உழைப்பு அதிகம். நேரம் குறைந்தது 45 நிமிடம் வேண்டும். மணி அடித்து 20 நிமிடமாகச் சுருக்கிவிட்டால் பட்டறை செத்துவிடும், பேப்பராவது பாதி பிழைக்கும். அதனால் நேரத்தை எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இடமும் அப்படியே. நான் போன இடத்தில் தரையோடு பொருத்திய நாற்காலிகள் கொண்ட பெரிய அரங்கைக் கொடுத்தார்கள். குழுவாக உட்காரவே முடியாது. கடைசி நேரத்தில் எல்லோரையும் வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தரையில் உட்காரவைத்தேன். இனி எங்கே போனாலும் "பெஞ்ச் போட்ட சாதாரண வகுப்பறை போதும்" என்று முதலிலேயே எழுதுவேன். தாள் நகலும் எதிர்பார்ப்பதைவிட இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறையாவது சக ஆசிரியர்களிடம் ஒத்திகை பார்க்காமல் பட்டறை வைக்காதீர்கள். தெலுங்குத் தாளோடு நேராகக் கருத்தரங்குக்குப் போயிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

இணையவழி

2020-க்குப் பிறகு இதுவும் ஒரு வழியாகிவிட்டது. செலவு இல்லை, ஓ.டி. (பணி நிமித்தம் வெளியே போகும் அனுமதி) வாங்க அலைய வேண்டாம், கைக்குழந்தை வைத்திருக்கும் ஆசிரியைகளுக்கு வேறு வழியே இல்லாத நேரத்தில் இதுதான் கதவு. அந்த ஒரு காரணத்துக்காகவே இது இருக்க வேண்டும். ஆனால் கேமராவை அணைத்துவிட்டு, கடைசியில் சான்றிதழுக்கான கூகுள் ஃபார்ம் எப்போது வரும் என்று காத்திருப்பவர்களிடம் பேசுவது மனதைச் சோர்வாக்கும். வாய்ப்பு இருந்தால் நேரில் போங்கள். இல்லாவிட்டால் இணையத்தில் குறுகிய பேச்சாக வைத்துக்கொள்ளுங்கள். 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி என்ற பெச்சகுச்சா முறை அதற்குப் பொருந்தும். 2003-ல் டோக்கியோவில் தொடங்கியது. மொத்தம் ஆறு நிமிடம் நாற்பது விநாடி, சுற்றி வளைக்க இடமே இல்லை.

எங்கே

வடிவத்துக்கு அடுத்த கேள்வி இடம். இதிலும் நம்மவர்கள் பெரியதில் இருந்து ஆரம்பிக்கப் பார்க்கிறார்கள். 'சர்வதேச' என்று போட்டிருந்தால் போதும், பதிவுக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள். பேச்சாளர் ஒருவர் காணொலியில் வெளிநாட்டில் இருந்து வந்தால் அது சர்வதேசக் கருத்தரங்கு ஆகிவிடாது. அழைப்பில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் பேசப் போகிறார்கள், ஆளுக்கு எத்தனை நிமிடம், அப்ஸ்ட்ராக்ட்டை யார் படித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். அனுப்பிய ஒரு மணி நேரத்தில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தால், யாரும் படிக்கவில்லை என்று பொருள்.

என் வரிசை இது: முதலில் குறுவள மையம் அல்லது வட்டார வள மையக் கூட்டம். செலவு இல்லை, உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள் நடத்தும் அதே பாடத்தை நடத்துகிறவர்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசலாம். ஆசிரியர் பயிற்றுநரிடம் கேட்டால் அரைமணி நேரம் ஒதுக்கித் தருவார், பெரும்பாலும் சந்தோஷமாகவே தருவார். அடுத்தது எல்டாய் போன்ற ஆசிரியர் சங்கம் நடத்துவது. 1974-ல் கல்வியாளர் எஸ். நடராஜன் சென்னையில் தொடங்கிய சங்கம் அது. ஆண்டு மாநாடு தவிர, பல ஊர்களில் கிளைகளும் உண்டு. கிளைக் கூட்டத்தில் பேசுவது மாநாட்டுக்கு நல்ல முன்பயிற்சி.

அதற்கப்புறம்தான் வெளிநாடு. பக்கத்தில் இருப்பது கொழும்பு. இலங்கை ஆங்கில ஆசிரியர் சங்கமான ஸ்லெல்டா அங்கே மாநாடு நடத்துகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பிரச்சினையை விளக்காமலே புரிந்துகொள்ளும் ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். பிரிட்டனில் 1967-ல் தொடங்கிய சர்வதேச ஆங்கில ஆசிரியர் சங்கமான ஐயாடெஃபல், ஆண்டுதோறும் வசந்த காலத்தில் ஒரு நகரத்தில் கூடுகிறது. அங்கே பேச்சு என்றால் 30 நிமிடம், பட்டறை என்றால் 45 நிமிடம் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள், யாரும் மணி அடித்துப் பாதியாக்குவதில்லை. ஆனால் பேசுகிறவரும் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். விமானம், விசா, தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் நம் சம்பளத்துக்குத் தாங்காது. உதவித்தொகைகள் இருக்கின்றன. அவற்றுக்கு முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் விண்ணப்பியுங்கள். செய்ததைச் சில வரிகளில் அறியாத ஒருவருக்குப் புரியும்படி எழுதிப் பழகுவதே பெரிய பயிற்சி.

சரி, என்னை அழைத்தவரிடம் என்ன சொன்னேன்?

அவருடைய பிள்ளைகள் கடைத்தெருவில் தமிழ் எழுத்தில் இருக்கும் ஆங்கிலச் சொற்களைச் சேகரிக்கிறார்கள். 'டீ ஸ்டால்', 'மெடிக்கல்ஸ்', 'வாட்டர் சர்வீஸ்', 'லேடீஸ் டெய்லர்'. தெரிந்த சொல்தான், வாயில் புழங்கும் சொல்தான். அதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்க்கச் சொல்கிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தனக்கு ஐம்பது ஆங்கிலச் சொல் ஏற்கெனவே தெரியும் என்று கண்டுபிடிக்கிறது. எவ்வளவு நல்ல வேலை! அவரிடம் ஃபோனில் எடுத்த படங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் எழுதிய சீட்டுகள் இருக்கின்றன. முன்தேர்வு, பின்தேர்வு எதுவும் இல்லை. நான்கு மாத வேலைதான் ஆகியிருக்கிறது. மேடையில் இதுவரை பேசியதில்லை.

அதனால் பேப்பர் வேண்டாம் என்றேன். பட்டறையாக இது அருமையாக வரும். ஆனால் ஒத்திகை பார்க்க இன்னும் நேரம் வேண்டும். இந்த மாதக் குறுவள மையக் கூட்டத்தில் அரைமணி நேரம் செய்து பார்க்கட்டும். கருத்தரங்குக்குப் போஸ்டர். கடை போர்டுகளின் படம் ஆறு, அவற்றுக்குக் கீழே பிள்ளைகள் கைப்பட எழுதிய சீட்டுகள், மேசையில் ஒரு காலி நோட்டு. வருகிறவர்கள் தங்கள் ஊர்க் கடைத்தெருச் சொல் ஒன்றை அதில் எழுதிவிட்டுப் போகட்டும். அடுத்த வருடப் பட்டறைக்கு அந்த நோட்டே போதும்.

"போஸ்டர்னா எச்.எம். ஓ.டி. தருவாரா அக்கா?" என்றார். அழைப்புக் கடிதத்தில் வழங்குபவர் என்று பெயர் இருந்தால் போதும், வடிவத்தை யாரும் கேட்பதில்லை. என் விஷயத்தில் கேட்கவில்லை. இருந்தாலும் சான்றிதழில் என்ன எழுதித் தருவார்கள் என்று அமைப்பாளர்களிடம் ஒரு வரி கேட்டுவிடச் சொன்னேன்.

நேற்று மறுபடி அழைத்தார். அப்ஸ்ட்ராக்ட் போய்விட்டது. சனிக்கிழமை பிள்ளைகளோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகிறாராம். அங்கே ஒரு பெயின்டர் இருபது வருடமாகக் கடை போர்டு எழுதுகிறார். 'ஸ்டால்' என்று எழுதுவதா 'ஸ்டால்ஸ்' என்று எழுதுவதா என்று எப்படி முடிவு செய்கிறார் என்று கேட்க வேண்டுமாம். கேள்வியைப் பிள்ளைகளே எழுதிவைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில், மேலே பொடியாகத் தமிழோடு.